உப்பை இலையில் வைத்த ஓணம்

என் வீட்டுக்காரர் குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. தோளுக்கு ஒரு குலையாகத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வருவார். அப்படிப்பட்டவர் ஒரு சந்தை நாளில் குலையை இறக்கி வைக்கும்போது கண் இருட்டி அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். கூட நின்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேதி கேட்டு நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போதுதான் அவரை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவையும் பார்த்தார்.

“ரத்தக் கொதிப்பு. மருந்து தாறேன். ஆனா மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம். உப்பை நிறுத்தணும். ஊறுகாய், கருவாடு, பப்படம் ஒண்ணும் தொடக்கூடாது. தேங்காயெண்ணெயையும் குறைச்சுக்கிடணும்” என்றார் டாக்டர்.

“உப்பைக் குறைச்சாப் போதுமா டாக்டரே?” என்று இவர் கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்.

“நிறுத்தணும்னு சொன்னேன்.”

நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ரத்தக் கொதிப்பு என்கிற பேரையே எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. பத்தியம் என்றால் நாலு நாள், மிஞ்சினால் ஒரு மண்டலம் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. இது எப்போது முடியும் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள்.

முதலில் நான் செய்தது, எப்போதும் வைக்கிற கறியையே உப்புப் போடாமல் வைத்து அவருக்கு மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்ததுதான். அதை வாயில் வைத்தால் கழுவிய துணியைச் சவைப்பதுபோல இருக்கும். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடித்து எழுந்துவிடுவார். கொஞ்ச நாளில், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே அடுக்களைக்கு வர ஆரம்பித்தார். பக்கத்தில் இன்னொருவர் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. உடம்பு இளைத்தது. அதைவிட, பேச்சு குறைந்துபோனது.

ஓணம் நெருங்கியது. எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஓணத்துக்கு ஊரே களை கட்டும். என் மாமனார் காலமான பிறகு, குடும்பத்தில் எல்லோரும் திருவோணத்தன்று எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். திருவட்டாற்றில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா, எனக்கு மைனி, முன்கூட்டியே வந்துவிடுவாள். அவருடைய தம்பி குடும்பம் அன்று காலையில் வரும். அவியல், எரிசேரி, தேங்காய் போட்ட பொரியலான துவரன், பச்சடி, இஞ்சிக்கறி என்று இலை நிறைய வேண்டும். பந்தியில் நடுவில் உட்கார்ந்து, “இன்னும் போடு, இன்னும் போடு” என்று மற்றவர்கள் இலையைப் பார்த்துச் சத்தம் போடுவது இவர்தான்.

அந்த வருஷம் அவர், “திருவோணத்தன்னைக்கு நான் பேச்சிப்பாறைப் பக்கம் குலை பாக்கப் போறேன். நீங்க எல்லாரும் சாப்பிடுங்க” என்றார்.

“ஓணத்தன்னைக்கு எவன் உங்களுக்குக் குலை காட்டுவான்?”

அவர் முற்றத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அடுப்படியில் நின்று நெடுநேரம் யோசித்தேன். அவருக்கென்று தனியாக ஒரு கறி வைத்துக் கொடுப்பதில்தான் கோளாறு என்று பட்டது. எல்லோருக்கும் ஒரே கறியாக இருந்தால்? இலை போட்டதும் ஓரத்தில் முதலில் வைப்பது உப்புதானே! கறி எதிலும் உப்புப் போடாமல் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் இலையில் இருப்பதைத் தொட்டுக்கொள்ளட்டும். ஆனால் அதற்குக் கறி, உப்பு இல்லாமலே வாய்க்கு ருசியாக நிற்கவேண்டும்.

மறுநாளிலிருந்து அடுக்களையில் அதே சோலிதான். அவியலுக்குப் புளிப்பு கூடினால் உப்பின் நினைப்பு வராது என்று தோன்றியது. ஆவணியில் மாங்காய் ஏது? கிணற்றடி மரத்தில் புளிச்சிக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அதைக் கீறிப் போட்டேன். சீரகத்தையும் பச்சைமிளகாயையும் கொஞ்சம் கூட்டி அரைத்தேன். கடைசியில் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு ஒரே ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். நன்றாகவே வந்தது. இஞ்சிக்கறி என்னைச் சோதிக்கவே இல்லை. இஞ்சியும் புளியும் கருப்பட்டியும் சேர்ந்தால் அங்கே உப்புக்கு என்ன வேலை? எரிசேரிக்குத் தேங்காயைக் குறைத்து, இருக்கிற தேங்காயை எண்ணெயில்லாமல் வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, நல்லமிளகை இடித்துத் தூவினேன். பூசணிக்காயின் இனிப்பும் மிளகின் எரிப்பும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன.

துவரன்தான் படுத்தியது. பயத்தங்காயை எப்படி வைத்தாலும் புல் மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை வெள்ளைப்பூண்டைத் தட்டி, சின்ன உள்ளியை அள்ளிப் போட்டபோதுதான் கொஞ்சம் வழிக்கு வந்தது. ஏத்தங்காயை, அதுதான் நேந்திரங்காயை, எண்ணெயில் பொரிக்காமல் உப்பேரி வறுவல் செய்யலாம் என்று சீவி வெயிலில் காயவைத்து மண்சட்டியில் வறுத்துப் பார்த்தேன். அதைக் கடித்த என் வீட்டுக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, கொதிப்பு போறதுக்கு முந்தி எனக்க பல்லு போயிரும்” என்றார். சந்தையில் விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உப்பேரியைக் கைவிட்டு, ஏத்தம்பழத்தை ஆவியில் வேகவைத்து நறுக்கி வைப்பதென்று முடிவு செய்தேன்.

மைனி திருவட்டாற்றிலிருந்து வந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். குடும்பத்திலேயே நல்ல சமையல்காரி அவள். இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உப்பில்லாத சோறா? அதுவும் திருவோணத்துக்கா? ஆளுக என்ன சொல்லுவா?”

“ஆளுக இலையில உப்பு இருக்கும் மைனி. அவருக்க இலையில மட்டும் இருக்காது. எல்லாருக்க கூடயும் அவரும் இருந்து சாப்பிடணும்லா?”

“அவன் சாப்பிடணும்தான். நான் வேண்டாம்னா சொன்னேன்?” சேனையை நறுக்கும்போது கத்தி பலகையில் விழுந்த சத்தமே அவள் மனசைச் சொன்னது.

திருவோணத்தன்று விடிந்ததிலிருந்து இருவரும் அடுப்போடு நின்றோம். எல்லாம் ஆகிவிட்டது. கொழுந்தன் குடும்பமும் வந்து, பிள்ளைகள் முற்றத்துப் பூக்களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். இலை போடச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒவ்வொன்றிலும் நுனிக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தேன். துவரனை வாயில் வைத்ததும் திக்கென்றது. நல்ல உப்பு.

திரும்பிப் பார்த்தேன். மைனி அம்மியைக் கழுவுகிற மாதிரி குனிந்து நின்றாள்.

“மைனி, துவரன்ல…”

“நான்தான் போட்டேன்.” நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. “அம்மை போன பிறகு அவனை வளத்தது நானாக்கும். நல்ல நாளும் அதுவுமா எனக்கத் தம்பிக்கு உப்பில்லாத கறி விளம்ப எனக்கு மனசு வரல்ல. ஒரு நுள்ளுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “மைனி, அன்னைக்குச் சந்தையில விழுந்தவரை வண்டியில இருந்து இறக்கும்போது நான் பாத்தேன். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்தது. நீங்க பாக்கல்ல” என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மைனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். தொரட்டிக் கம்பால் ஒரு பப்பாளிக்காயைத் தட்டி இறக்கி, தோலைச் சீவி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழைத்தூறல் மாதிரிப் பொடியாகக் கொத்திப் போட்டாள். “பூண்டு தட்டு. சீரகம் நிறைய வை” என்றாள். இலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் புதுத் துவரன் ஆவி பறக்க இறங்கியது. உப்பின் பக்கம் அவள் கை போகவே இல்லை. ருசி பார்த்தவள், “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றாள், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

உப்புப் போட்ட துவரனை மூடி ஓரமாக வைத்துவிட்டு விளம்பப் போனோம். என் வீட்டுக்காரர் பேச்சிப்பாறைக்குப் போகவில்லை. ஆனால் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். மைனி போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியின் நடுவில் உட்கார்த்தினாள்.

“எல்லாருக்கும் ஒரே கறிதான். உப்பு வேணும்னா இலையில இருக்கு, தொட்டுக்கிடுங்க” என்று சத்தமாகச் சொன்னாள்.

கொழுந்தன் அவியலை எடுத்து வாயில் வைத்தான். அவன் சவைத்தான், விழுங்கினான், மறுபடி எடுத்தான். உப்பைத் தொட்டுக்கொண்டானா என்று பார்த்தேன். இரண்டாம் வாய்க்குத் தொட்டான். எரிசேரிக்குப் போனபோது மறந்துவிட்டான். பிள்ளைகள் ஆவியில் வெந்த பழத்துக்குச் சண்டை போட்டார்கள். சாம்பாருக்கு உப்புக் காணாது என்று கொழுந்தன் பெண்சாதி மெதுவாகச் சொன்னாள். அது உண்மைதான், சாம்பார் சரியாக வரவில்லை.

இவர் முதலில் தலை நிமிராமல் தின்றார். பக்கத்து இலைகளைப் பார்த்தார். தன் இலையில் இருப்பதுதான் அவற்றிலும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“எரிசேரி இன்னும் கொஞ்சம் போடு. அவன் இலையிலயும் போடு, வெறுமையா கிடக்கு” என்று தம்பியைக் காட்டிச் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாசமாகியிருந்தது! கரண்டியோடு அடுக்களைக்குள் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பட்டையை அவிழ்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். கொதிப்பு இறங்கியிருந்தது. முழுசாக இல்லை, ஆனால் நல்ல இறக்கம் என்றார். இப்படியே போனால் வியாபாரத்துக்குப் போகலாம், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆற்றுப்பாலம் வந்ததும் என் பக்கம் திரும்பி, “தைப்பொங்கலுக்குச் சிறுகிழங்குத் துவரன் உப்பில்லாம வருமா?” என்று கேட்டார்.

“வச்சுப் பாப்போம்” என்றேன்.