அருளானந்தம் சொன்ன ‘அடுத்த முறை’

ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் பின்வளவில் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் எடுத்தேன். மறுபக்கத்தில் அருளானந்தத்தின் மனைவி யோகம்.

“மாஸ்டர், இவர் எழும்பேல்லை.”

எனக்கு விளங்கவில்லை. “நல்லாத் தட்டிப் பாத்தனீங்களோ?” என்று மடையனைப் போலக் கேட்டேன்.

“தட்டினனான். வைச்ச தேத்தண்ணியும் ஆறிப் போச்சு மாஸ்டர்.”

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே புறப்பட்டுவிட்டேன். தோட்டத்தில் குழாய் திறந்தபடியே கிடந்திருக்கிறது. பின்னேரம் அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது மரத்தடியெல்லாம் குளமாக இருந்தது.

மெல்பனுக்கு வந்து இறங்கிய நம்மவர்களில் பலர் இந்த நாட்டில் முதலில் கண்ட தமிழ் முகம் அருளானந்தத்தின் முகம்தான். காரின் பின் சீற்றில் இரண்டு கம்பளிப் போர்வைகளைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்து நிற்பார். “முதல்ல இதைப் போத்துங்கோ, பிறகு சுகம் விசாரிப்பம்” என்பார். அந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு நாள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லலாமா என்று யோகத்திடம் கேட்டேன். “சொல்லுங்கோ” என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படிப்பித்தோம். நான் கணிதம், அவர் சரித்திரம். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் மத்தியகாலக் கோட்டைகளைப் பற்றிப் படிப்பிப்பார். கரும்பலகை நிறையக் கோபுரம், மதில், இழுவைப் பாலம், சுற்றிவர அகழி. அகழிக்கு நீலச் சோக்கட்டி. ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, “சேர், நீங்கள் ஒரு கோட்டையையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். ஆசிரியர் அறைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “யாழ்ப்பாணக் கோட்டையைப் பாத்தனான் எண்டு சொல்லலாம். ஆனா அது ஒல்லாந்தன் கட்டினது. பாடத்துக்கு வயசு காணாது.”

அந்தப் பிள்ளைக்காகத்தான் ஜெர்மனிக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, அங்கே இருந்த தம்பி குமார்.

குமார் பொறியியல் படிக்கப் போனவர். வீட்டாருக்குச் சொல்லாமல் மோனிக்கா என்ற ஜெர்மன் பெண்ணைக் கட்டினார். அதைக்கூட அருளானந்தம் பொறுத்துக்கொண்டார். ஆனால் அம்மா இறந்தபோது குமார் ஊருக்கு வரவில்லை. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது நம் வழக்கம். வர முடியாது என்று ஒரு வரித் தந்தி மட்டும் வந்தது. மூத்தவர் அருளானந்தமே வைத்தார். “என்ரை கையால வைக்க வேண்டிய நெருப்பில்லை மாஸ்டர் அது” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பல வருடம் பேசவேயில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், மகளைப் பார்க்க லண்டன் போகப் புறப்பட்டேன். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் கூட வந்தார். புறப்படுவதற்கு முந்திய மாதங்களில், சனிக்கிழமைகளில் என்னை த பேசின் என்ற மலையடிவார ஊருக்குக் கூட்டிப்போய், டன்டினோங் மலையில் ஏற வைத்தார். கோட்டைக்கு ஏறப் பழக வேண்டுமாம். நான் மூச்சு இளைத்து இளைத்து ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “மாஸ்டர், மரத்தை விடுங்கோ, அது தானாய் நிக்கும்” என்பார்.

தம்பியோடு தொலைபேசியில் ஒழுங்கு செய்தது யோகம். தம்பியின் வீட்டுக்கு அண்ணன் வரமாட்டார் என்பது நிபந்தனை. அதனால் பொது இடமாக ஒரு கோட்டையைச் சொன்னார் குமார். பிரான்ஸ் எல்லைக்குக் கிட்ட ஒரு மலைக்காட்டில் இருந்தது அது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மலை நடக்க வருவார்கள். குன்றுக்குக் குன்று ஓர் இடிந்த கோட்டை நிற்கும்.

லண்டனிலிருந்து நாங்கள் இருவரும் அங்கே போய் இறங்கியபோது, ரயில் நிலையத்தில் குமாரும் மோனிக்காவும் நின்றார்கள். சகோதரர்கள் கைகுலுக்கினார்கள். இரண்டு வங்கி முகாமையாளர்கள் சந்தித்தால் அப்படித்தான் குலுக்குவார்கள். மோனிக்கா, குமார் சொல்வதைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, “வாங்கோ அண்ணை” என்றாள். அருளானந்தம் தலையை மட்டும் ஆட்டினார்.

கோட்டை செம்மணற்கல்லால் ஆனது. எது பாறை, எது மதில் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாறையைக் குடைந்தே படி வெட்டியிருந்தார்கள். கூரையில்லாத மண்டபத்துக்குள் ஒரு பைன் மரம் வளர்ந்து நின்றது. அருளானந்தம் தம்பியை மறந்துவிட்டார். மதிலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், அகழியில தண்ணி எங்கை?”

“மலை உச்சியில தண்ணி எப்பிடி அண்ணை நிக்கும்?” என்றார் குமார். “பாறையை வெட்டிப் பள்ளம் ஆக்கியிருக்கிறாங்கள், அவ்வளவுதான்.”

“ஐயோ, இவ்வளவு காலமும் பிள்ளையளை நீந்த விட்டிட்டனே!”

குமார் சிரித்தார். அருளானந்தமும் சிரிக்கத் தொடங்கி, யாரோடு சிரிக்கிறோம் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தில்தான் குமார் வாயைத் திறந்தார்.

“அம்மா செத்த கிழமை மோனிக்கா ஆசுப்பத்திரியில அண்ணை. பிள்ளை தங்கேல்லை. விட்டிட்டு வரேலாமப் போச்சு.”

“ஏன்ரா சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

நான் ஒரு கணித ஆசிரியன். ஒரு கணக்கு முழுவதையும் பிள்ளை சரியாகச் செய்திருக்கும். முதல் வரியில் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருக்கும். விடை பிழைத்துவிடும். அருளானந்தத்தின் முகத்தை அப்போது பார்த்தேன். பல வருடக் கணக்கின் முதல் வரியைத் தேடிப்போகும் முகம் அது.

மலையை விட்டு இறங்கினோம். கோட்டைக்குக் கீழே நடப்பவர்கள் இளைப்பாற ஒரு மரக் கொட்டில் இருந்தது. நீண்ட மேசைகள். முன்பின் அறியாதவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அந்த ஊரில் ஒரு வழக்கம். மேசைக்கு ஒரு பெரிய கிளாஸ் வரும். ஒருவர் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அது அப்படியே சுற்றிவரும். அவர்கள் வைனை ஊற்றுகிறார்கள். அண்ணன் குடிக்கமாட்டார் என்று தெரிந்த குமார் திராட்சைச் சாறு எடுப்பித்திருந்தார்.

மோனிக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து அருளானந்தத்திடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். யோசித்துச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து செம்பு எடுத்துக் குடித்த கை, தானாகவே உயர்ந்தது. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினார். செம்புக்கு ஒடுங்கிய வாய். அந்தக் கிளாஸுக்கோ அண்டாவின் வாய். சாறு மூக்கிலும் மீசையிலும் விழுந்து, வெள்ளைச் சேட்டு முழுவதும் ஊதா நிறமாகியது. பக்கத்து மேசைக்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

மோனிக்கா சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. “நான் குடித்த கிளாஸ் என்பதாலா?” என்று குமாரிடம் ஆங்கிலத்தில், எங்களுக்கும் விளங்கும்படி, மெதுவாகக் கேட்டாள்.

குமார் எழுந்து நின்று அண்ணனின் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். அவரும் அண்ணாந்து ஊற்றினார். அந்த நாட்டுக்குப் போன பிறகு பழக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும். தமையனைவிட மோசமாக நனைந்தார்.

அருளானந்தம் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “அம்மா கண்டாவெண்டா ரெண்டு பேருக்கும் அடி விழும்” என்றார். பிறகு கிளாஸைத் திரும்ப வாங்கி, மோனிக்கா குடித்த அதே பக்கத்தில் வாய் வைத்து, மிச்சத்தை முழுவதுமாகக் குடித்து முடித்தார்.

இந்த இடத்தில் நிறுத்த முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

ரயில் நிலையத்தில் மோனிக்கா, “வீட்டை வாங்கோ அண்ணை, சோறு காச்சியிருக்கு” என்றாள். பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள் போலும், ஒரு சொல்லும் பிசகவில்லை. எங்கள் விமானம் மறுநாள்தான். நேரம் இருந்தது.

“அடுத்த முறை வாறன் பிள்ளை” என்றார் அருளானந்தம்.

“அடுத்த முறை எண்டா எப்ப அண்ணை?” என்று குமார் ஓடத் தொடங்கிய ரயிலோடு நடந்துகொண்டே கேட்டார்.

பெட்டிக்குள் அருளானந்தம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “எந்த முகத்தோட மாஸ்டர் போய் இருந்து சாப்பிடுறது? கொஞ்ச நாள் போகட்டும்.”

கொஞ்ச நாள் போனது. அடுத்த மாசி மாதம், இங்கே வெயில் புல்லைக் கருக்கிக்கொண்டிருந்தபோது, அங்கே உறைபனி வீதியில் கார் சறுக்கிக் குமார் இறந்துபோனார். தந்தியை அருளானந்தம் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டதாகப் பள்ளி நண்பர்கள் சொல்வார்கள். மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால், நாளைக்கு என்று சொல்லமாட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்து விளங்கப்படுத்துவார். யார் வீட்டில் எதற்குக் கூப்பிட்டாலும் போவார், போனால் சாப்பிடுவார். “அடுத்த முறை எண்டு ஒண்டு இருக்கெண்டு ஆர் சொன்னது?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் சும்மா பகிடி விடுகிறார் என்று நினைத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர்.

போன கிழமை அந்தியேட்டி. முப்பத்தொரு நாளும் ஓடிவிட்டது என்பதை நம்ப முடியவில்லை. மோனிக்கா தனியாக வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு, குசினியில் யோகம் அவளுக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் கொடுத்தார். மோனிக்கா தலையைப் பின்னால் சாய்த்தாள். உதட்டில் படாமல் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த மலையிலிருந்து இறங்கிய பிறகு குமார் வீட்டில் அப்படித்தான் குடித்தாராம். அவரைப் பார்த்து அவளும் பழகிக்கொண்டாளாம்.

யோகம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“அக்கா, என்ரை வீட்டை வாங்கோ” என்றாள் மோனிக்கா.

யோகம் பொத்திய தலைப்பை எடுத்தார். மெல்பனை விட்டு ஒருநாளும் அசையாத மனுசி என்று எல்லோரும் சொல்வோமே, அந்த யோகம்.

“வாறன். சித்திரைக்குள்ள வாறன்.”

பிறகு என்னிடம் திரும்பி, “மாஸ்டர், சாப்பிட்டுப் போங்கோவன்” என்றார். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். வெளியே மகன் காரோடு காத்துக்கொண்டு நின்றான். அருளானந்தத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எது என்று அந்தக் குசினியில்தான் தெரிந்தது.

“ஓம்” என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.