எட்டு நிமிடம்

பால் சேர்க்காத பிளேன்ரீயில் பாதியாவது உள்ளே போகாமல் மர்ஷூதா மடிக்கணினியைத் திறக்கமாட்டாள். மீதிப் பாதி ஆறி அவலாய்ப் போகும். மருதமுனை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனிக்கு மென்பொருள் எழுதத் தொடங்கிவிட்டால் அவளுக்குப் பசியுமில்லை, தாகமுமில்லை. பக்கத்தில் கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்று கிடக்கும். எதை எழுதினாலும் முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பாள். “இந்தக் கிழட்டுச் சாமான்ல ஓடினா எதுலயும் ஓடும்” என்பாள்.

வீட்டுக்கு வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. “வட்ஸ்அப் செத்துப்போச்சி புள்ள” என்று போனை நீட்டுவார்கள். தான் படித்தது இதற்கல்ல என்று அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அடுத்த வீட்டுப் பாத்தும்மா மாமிக்குக் காது கேளாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்வது தெரியாது. அவருக்காகவே ஒரு செயலி எழுதினாள். விடியுமுன் சாப்பிடும் ஸஹர் முடியும் நேரத்தில் போன் அதிர்ந்து திரை சிவக்கும். கேள்விப்பட்டுச் சாய்ந்தமருது வரை காது கேளாத இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள்.

இந்த நோன்பு மாதத்தில் அதில் ஒரு திருத்தம் செய்தவள், அன்று பார்த்துக் கிழட்டுப் போனில் ஓட்டிப் பார்க்க மறந்துவிட்டாள். மறுநாள் பள்ளியில் பாங்கு சொல்லி எட்டு நிமிடம் கழிந்துதான் அந்தப் போன் அதிர்ந்தது. இடத்தைக் காட்டாத போன்களுக்கு அவள் கொழும்பு நேரத்தைக் கொடுத்திருந்தாள். கிழக்கில் முந்தி விடியும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொழும்புக்கே வேலை செய்து பழகிய விரல்தான் மறந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள். சத்தமில்லாமல் திருத்தி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

“யானைக்கும் அடி சறுக்கும்கா. நீ சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியா” என்றான் கணவன் பஹ்மி.

“என்ட நோன்பெண்டா பேசாம இரிப்பன் மச்சான். இது அவங்கட நோன்பு.”

ஸ்கூட்டியில் பத்து வீட்டுக்கும் போனாள். நல்லவேளை, எல்லோரும் முன்கூட்டியே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பயத்தில் கடைசிக்கு வைத்திருந்தது மாமியின் வீடு. ‘நேரம் பிழை. என்ட பிழை’ என்று போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினாள்.

மாமி வாசித்தார். “போன் அதிர்ந்த நேரந்தான் புள்ள கடைசி மிடறு தண்ணி குடிச்சன். உன்ன நம்பித்தானே இருந்தன். இத அழிச்சி உடு.”

அவர் கண்முன்னாலேயே அழித்தாள். பிழையைத் தானே வாசலுக்குச் சுமந்துபோக எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? மிச்ச நோன்பு முழுக்கப் பாங்கு சொன்னதும் வேலிக்கு மேலால் மாமியின் ஜன்னலுக்கு டோச் வெளிச்சம் அடித்தாள். மாமி ஜன்னலைத் திறக்கவேயில்லை.

பெருநாளும் கழிந்தது. நேற்றுப் பின்னேரம் மாமியே போனோடு வந்து நின்றார். “அண்டைக்கு முறிஞ்ச நோன்புக்குப் பதிலா நாளைக்குக் கழா நோன்பு புடிக்கப் போறன். அதத் திருப்பிப் போடு.”

கிழட்டுப் போனில் மூன்று தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மர்ஷூதா போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை பஹ்மி வழக்கம்போல் பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தான். மாமியைப்போல் தானும் ஸஹருக்கு எழும்பியிருந்த அவள் கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.