நெடுந்தீவு என்று எழுதியிருந்த கல்

குளுவாங் ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை பத்து மணி. கைப்பையில் ஒரு சின்ன டப்பா கறுப்புச் சாயம், ஒரு தூரிகை, துடைக்க ஒரு பழந்துணி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. தீபாவளிக்கு முன் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, கல்லைக் கழுவி, மங்கிய எழுத்துகளுக்கு மறுபடி சாயம் பூசுவது மலேசியாவில் எங்கள் வழக்கம். தாத்தாவின் கல்லில் அந்த வேலை சிறு வயதிலிருந்தே என்னுடையது. முழங்கால் வலியால் மூன்று வருடமாகச் சிரம்பானிலிருந்து வர முடியவில்லை. பெரியப்பா மகன் ராஜன் அண்ணா, "நீ ஏன் அலையிறாய், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

கல்லறை இருக்கும் லாயாங் லாயாங் போய், திரும்பிக் குளுவாங்கில் அண்ணா வீட்டில் இறக்கிவிட ஒரு டாக்சிக்கு நூற்றைம்பது வெள்ளி பேசினேன். ஓட்டுநர் சேகருக்குக் காஹாங்கில் எண்ணெய்க்கான செம்பனை நிலம் கொஞ்சம் உண்டு. கார் முழுக்க உரச்சாக்கு வாசம்.

"யாரு கல்லறைக்கு அக்கா?"

"என் தாத்தா. ரயில்வேயில சிக்னல் வேலை பார்த்தவர்."

"அப்ப சிலோன்காரங்களா நீங்க? கிராணி வம்சம் லா!" என்று சிரித்தார். கிராணி என்றால் குமாஸ்தா; அவருடைய தாத்தா ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவராம்.

அந்தக் காலத்தில் லாயாங் லாயாங் நிலையத்தில் இரண்டு கந்தையாக்கள் வேலை பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. ஆளை அடையாளம் சொல்ல அதை முன்னால் போடுவார்கள். அப்படி எங்கள் தாத்தா கல்வேலிக் கந்தையா ஆனார். பிள்ளைகள் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்துப் பேரன் ஒருவன் மெல்பர்னில் இன்றும் கல்வேலிதான்.

அந்தக் காணி இருப்பது யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால், கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவில். போன வருடம், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, மகளோடு அங்கே போனேன். குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறில்லை, மலையில்லை. தோண்டினால் பாதிக் கிணறு உவர். மற்ற ஊர்களில் ஓலையால் வேலி கட்டுவார்கள். அங்கே கடற்பாறைக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி வேலி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்டார்கள்; அவர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள் தண்ணீருக்காக இன்றும் வெளியில் அலைகின்றன. பால் பெருகிய காலத்தில் பசுத்தீவு என்றும் பெயர். பஞ்சம் ஒரு கூட்டத்தை வன்னிக்கு அனுப்பியது, படிப்பு ஒரு கூட்டத்தை மலாயாவுக்கு அனுப்பியது, யுத்தம் மிச்சம் இருந்தவர்களையும் கலைத்தது. திரும்பி வந்தவர்களில் ஒருவர் செல்வமலர். எங்கள் காணிக்கு அடுத்த காணி அவருடையது.

"போன ஆக்கள் ஆரும் இந்த ஊரின்ர பேரைச் சொல்லுறவையோ?" என்று கேட்டார்.

"எங்கட தாத்தாவின் கல்லில் உங்கட ஊர்ப் பேர் இருக்கு. அதுக்குச் சாயம் பூசுறது நான்தான். படம் எடுத்து அனுப்புறன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பயணமே அந்த ஒரு படத்துக்காகத்தான்.

பதினொன்றேகாலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். தாத்தாவின் இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்புக் கல். பொன்னெழுத்து. 'யாழ்ப்பாணம், நல்லூர், அமரர் கந்தையா.' நெடுந்தீவும் இல்லை, கல்வேலியும் இல்லை. நல்லூர்க் கோயில் வாசலைக்கூட அந்த மனிதர் எத்தனை தடவை மிதித்திருப்பாரோ தெரியாது!

எனக்கு உடனே விளங்கியது. கூடவே உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணாவின் மகள் ஆர்த்திக்குக் கோலாலம்பூரில் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகம் நல்லூருக்குப் பக்கத்துக் கொக்குவில். எங்கள் ஆட்கள் பெண் பார்க்க வந்தால் படிப்பைக் கேட்பதற்கு முன் "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். தீவு என்றால் முகம் சுருங்கும். 'தீவான்' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் வரும். கடல் தாண்டி வந்து நான்கு தலைமுறை ஆகியும் இந்தச் சாக்கடையைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறோம். வெட்கம்கெட்ட கூட்டம்.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அங்கே சேறு படாமல் நிற்க உடைந்த கற்களைப் பதித்திருந்தார்கள். ஒன்றில் என் சாயம். 'டு' எழுத்தின் வளைவில் எப்போதும் கொஞ்சம் வழியவிடுவேன். அந்த வழிசல் அப்படியே இருந்தது. 'நெடுந்தீவு கல்வேலி' என்பது முழுதாக, தாத்தாவின் பெயர் உடைந்துபோய். அதன்மேல் நின்று யாரோ கால் கழுவிய சேறு. நான் வாய்விட்டே திட்டினேன்.

சேகர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அலமாக்! எஸ்டேட்காரன்னு எங்களத்தான் உங்க ஆளுங்க ஒதுக்குனாங்கன்னு நெனச்சேன். உங்களுக்குள்ளயுமா?"

"எங்களுக்குள்ள இன்னும் மோசம்."

"அப்ப இத என்ன செய்யலாம் அக்கா?"

"தோண்டு தம்பி."

கார்ப் பின்பெட்டியிலிருந்து மண்வெட்டி வந்தது. கல் லேசில் அசையவில்லை. நெம்பி எடுத்து, உரச்சாக்கில் சுற்றி ஏற்றியபோது காரின் பின்பக்கம் தாழ்ந்தது. குளுவாங் வரை வழி முழுக்கச் செம்பனை. எதையும் ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

இரண்டு மணிக்கு அண்ணா வீட்டுக் கேட்டில் கல்லைச் சாத்தி நிறுத்தினோம். தெருவைப் பார்த்தபடி. பிறகு மணியை அழுத்தினேன்.

அண்ணா வந்தார், பார்த்தார், முகம் வெளுத்தது. "உனக்கென்ன பைத்தியமா? ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினம்."

"வரட்டும். வாசிக்கட்டும்."

"பிள்ளையின்ர வாழ்க்கை, தங்கச்சி."

"தாத்தாவின்ர ஊரைக் கால் கழுவுற இடத்துல போட்டுட்டு என்ன வாழ்க்கை அண்ணா?"

"அது புதுக்கல்லு வைச்ச கொந்தராத்துக்காரன் செய்தது. எனக்குத் தெரியாது."

"நல்லூர் என்று எழுதச் சொன்னதும் அவன்தானோ?"

சத்தம் கேட்டு ஆர்த்தி வெளியே வந்தாள். சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்கத் தெரியாது.

"என்ன மாமி எழுதியிருக்கு?"

"நெடுந்தீவு. உன் பூட்டன் பிறந்த ஊர். உன் அப்பா அதை மறைச்சிட்டார், மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "சீரியஸாவாப்பா? அவங்க வீட்ல யாருமே இன்னும் ஸ்ரீலங்காவுக்கே போனதில்ல லா. கொக்குவில் எங்க இருக்குன்னு மாப்பிள்ளைக்கே தெரியாது."

அண்ணா உள்ளே போய்விட்டார். வயதான மனிதர் முதுகைக் காட்டிப் போனபோது ஒரு கணம் பாவமாக இருந்தது. குழாயடியை நினைத்தேன், இரக்கம் போய்விட்டது.

நான் கேட்டுக்கு முன்னால் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்து, கல்லைக் கழுவி, எழுத்துகளுக்குச் சாயம் பூசினேன். 'டு' இந்தத் தடவையும் வழிந்தது. ஆர்த்தி பக்கத்தில் குந்திக்கொண்டு, கல்லின்மேல் கைவைத்துச் சிரிக்க, சேகர் என் போனில் படம் எடுத்தார். அதை அங்கேயே செல்வமலருக்கு அனுப்பினேன்.

மாலை ரயில் சிகாமட்டைத் தாண்டும்போது பதில் வந்தது. குரல்பதிவு. காற்றிரைச்சலுக்கு நடுவே அந்த மனுஷி சொன்னார்: "படம் கிடைச்சுது அக்கா. எங்கட ஊர்ப் பேரைத் தெருவுக்குத் தெரிய வீட்டு வாசல்லயே வைச்சிருக்கிறியள். நான் இதை எதிர்பார்க்கேல்லை. இங்க எல்லாருக்கும் காட்டினனான். அது ஆரின்ர வீடு? அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் எல்லாரும் நன்றி சொன்னம் எண்டு சொல்லுங்கோ."

இரண்டு தரம் கேட்டேன். பிறகு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை அப்படியே ராஜன் அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன்.