இரண்டு மெஷினிலும் ஓடவைத்தவன்

எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் எண்பதுகளில் உப்பளம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். துணி ஆலைக்கு, பேல் என்கிற துணிப்பொதிகளில் ஒட்டும் சீட்டை அடிக்கும் புரோகிராம் எழுதினேன். யூனிக்ஸ், டாஸ் என்ற இரண்டு வகை மெஷினிலும் அதை ஓடவைத்தேன்.

தாய்ப் புரோகிராம் அச்சடிக்கும் பிள்ளைப் புரோகிராமைக் கிளப்பும். டாஸில் பிள்ளை முடிக்கும்வரை தாய் தானே நிற்கும். யூனிக்ஸில் நிற்கச் சொல்லவேண்டும். அந்தப் பகுதியை எழுதிய என் மைத்துனன், கடையில் கூட்டாளி, அதை விட்டுவிட்டான். பேப்பர் சிக்கியும் தாய் ‘முடிந்தது’ என்று காட்டியது, பேல்கள் சீட்டில்லாமல் லாரி ஏறின. இரண்டிலும் காத்திருந்து, பிள்ளை ஒழுங்காக முடித்ததா என்று கேட்டுச் சொல்லும் புரோகிராம் துண்டை நான்தான் எழுதினேன்.

அவனோ புரோகிராமின் முதல் திரையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டான்.

“திரையில தெரியாத வேலைக்கு எதுக்கு மாமா பேரு?”

“அது இல்லன்னா ஆலைக்காரன் உன்னைத் தொரத்தியிருப்பான்டா.”

சிரித்தான். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலுபேர் முன்னால் அவன் வாயால் சொல்லட்டும்: இரண்டிலும் ஓடவைத்தது நான்.