குளுக்கோஸ் வேண்டாம், டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேரன்று நடந்தது இது. வடம் பிடிக்க ஊரே திரண்டிருந்தது. நான் மட்டும் ஓர் ஆஸ்பத்திரியில், என் மகளின் கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஹோட்டலில் தோசை கேட்டுப் பொங்கல் வந்தால்கூடச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிற ஆள். கடைக்காரர் அழுகின தக்காளியைப் போட்டாலும் பேசாமல் வாங்கி வந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எங்கள் மகளுக்கு நான்கு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. நின்றுகொண்டிருப்பவள் திடீரென்று அப்படியே சரிந்து விழுவாள். நெற்றியில் தையல், உதட்டில் தையல். மருந்து மேல் மருந்தாக மாற்றியும் அடங்கவில்லை. கூடவே ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் சேர்ப்போம் என்று ஸ்கூலில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் நரம்பியல் டாக்டர் கீட்டோஜெனிக் உணவுமுறையைப் பற்றிச் சொன்னார். பெரியவர்கள் உடம்பு இளைக்கக் கீட்டோ டயட் என்று இருக்கிறார்களே, அந்தச் சமாசாரம் இல்லை. டாக்டரும் உணவு நிபுணரும் கணக்குப் போட்டுக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு நடத்துகிற வைத்தியம். சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெண்ணெய், தேங்காய் எண்ணெய், முட்டை என்று பெரும்பாலும் கொழுப்பாகவே கொடுக்க வேண்டும். மாவுச்சத்துக்குப் பதில் கொழுப்பை எரித்து உடம்பு ஓட ஆரம்பித்தால், சில குழந்தைகளுக்கு வலிப்பு அடங்குமாம். எல்லாருக்கும் பலிக்காது என்றும் சொன்னார்.

எங்களுக்குப் பலித்தது! என் மனைவி தராசு வைத்துக் கிராம் கிராமாக நிறுத்துச் சமைத்தாள். விழுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஆசையாக ஜாங்கிரி ஊட்டிவிட, மறுநாளே சுருண்டு விழுந்தாள். அதிலிருந்து இனிப்பு இருக்கிற பக்கமே பிள்ளையை விடமாட்டோம். யாராவது பிள்ளையிடம் இனிப்பை நீட்டினால் எனக்குத் தெரிந்த ஒரே பதில், "வீட்ல திட்டுவாங்க." பழியை மனைவி மேல் போட்டுவிட்டு நான் நல்ல பிள்ளையாக நின்றுகொள்வேன். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு ராட்சசி என்றே பெயர், பாவம்.

தேரன்று அவள் ஊரில் இல்லை. அவளுடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று திண்டுக்கல் போயிருந்தாள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு சித்திரை வீதியில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குத் தேர் பார்க்கப் போனேன். வெயிலோ, கூட்டமோ, பிள்ளை வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை.

அக்கா பதறிப்போய்க் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஒரு வாய் குடுடா தம்பி, புள்ள துவண்டு போச்சு பாரு."

"வேணாம்க்கா, வீட்ல திட்டுவாங்க" என்று சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே டூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். வெயிலில் மயங்கினவர்கள் வரிசையாக வந்துகொண்டிருக்க, அவருக்கு மூச்சு விட நேரமில்லை. மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணிச்சத்து குறைஞ்சிருக்கு. குளுக்கோஸ் போடுங்க சிஸ்டர்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் சோர்ந்துபோய்ப் படுத்தால், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால்தானே நமக்கே வைத்தியம் பார்த்த திருப்தி வருகிறது? அந்தப் பாட்டில்தான் அன்று எனக்கு எமனாக வந்து தொங்கியது. ஜாங்கிரியே அந்தப் பாடு படுத்தியது. சர்க்கரை நேராக ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும்?

"சிஸ்டர், இது வேணாங்க. பாப்பாவுக்கு பிட்ஸ் வரும். அதுக்காக சாப்பாட்டு வைத்தியம் நடக்குது, சர்க்கரை சேரக்கூடாது."

"டாக்டர் சொல்லிட்டாங்க சார், தள்ளுங்க."

"வீட்ல திட்டுவாங்க சிஸ்டர்." பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

"புள்ள இப்படிக் கெடக்கு, உங்க சம்சாரம் திட்டுறதுதான் முக்கியமா?" என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தேவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

மனைவிக்கு போன் போட்டேன். "டாக்டர்கிட்ட குடுங்க" என்றாள். நீட்டினேன். "போன்ல வர்ற எல்லாருக்கும் பதில் சொல்லிட்டிருக்க முடியாதுங்க" என்று டாக்டர் நகர்ந்துவிட்டார். அது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சொன்னாள்: "அங்க நான் இல்லங்க. நீங்கதான் இருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

அதற்குள் நர்ஸ் பிள்ளையின் கையில் ஊசியைக் குத்தி முடித்து, பாட்டிலின் குழாயைக் கையில் எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கத்தியது நான்தான்.

"நான் அவளோட அப்பா. நான் சொல்றேன், குளுக்கோஸ் வேண்டாம் டாக்டர். முதல்ல சுகர் பாருங்க. குறைஞ்சிருந்தா நீங்க எத ஏத்தினாலும் சரி, நான் குறுக்க வர மாட்டேன். குறையலைன்னா சர்க்கரை இல்லாத வெறும் சலைன் போடுங்க. இது எங்க நரம்பு டாக்டர் நம்பர். அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க." சொல்லிவிட்டு, கையை விரித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றேன்.

டாக்டர் அடுத்த கட்டிலிலிருந்து திரும்பி வந்தார். வாட்ச்மேனைத்தான் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் என் போனை வாங்கி நரம்பியல் டாக்டரைக் கூப்பிட்டார். பேசப் பேச அவர் முகம் மாறியது. தானே வந்து மகளின் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். பயப்படும்படி இல்லை.

"அந்தப் பாட்டிலக் கழட்டிடுங்க சிஸ்டர். நார்மல் சலைன் போடுங்க. அடிக்கடி சுகர் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பிறகு என்னிடம், "வந்தவுடனே இப்படித் தெளிவா சொல்லியிருக்கலாமே சார்?" என்றார். நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் மகள் கண்ணைத் திறந்து, "தேர் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். வலிப்பு வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இந்த வைத்தியத்துல இருக்கிற குழந்தைய நான் இப்பதான் நேர்ல பாக்கறேன். நல்லவேளை, விடாம நின்னீங்க" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். மனைவியோ, "நெசமா நீங்களா கத்துனீங்க?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒன்றரை வருடம் கழித்து, டாக்டர் அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது எங்கள் மகள் எல்லாரையும் போலச் சாம்பார் சாதம் சாப்பிடுகிறாள். போன மாதம் தெருவில் சைக்கிளைப் பறக்கவிட்டு, திருப்பத்தில் தடாலென்று விழுந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தானே எழுந்து, "ஸ்பீடா வந்தேன்ப்பா, அதான்" என்றாள். வேகமாக வந்ததால் விழுந்தாள், வேறு எதனாலும் இல்லை! மகளுக்கு முழங்கால் சிராய்த்ததற்குச் சந்தோஷப்பட்ட அப்பா அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். அந்தக் காயத்தைக் கழுவிவிட்டபோது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் வாய் திறந்து கத்தியதும் அவள் இப்படிச் சாதாரணமாக விழுந்து எழுவதற்கு ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது.