ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு

விருத்தாசலம் – சிதம்பரம் தடத்தில் பதினேழு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர் தனக்கோடி. ஒருநாள் காலை சேத்தியாத்தோப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தார். நடுவில் போன நான்கு நிமிஷம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்கேன் எடுத்தும் காரணம் தெரியவில்லை. ஆறு மாசம் கழித்து வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, செராமிக் கம்பெனியில் பீங்கான் ஃப்யூஸை அடுக்கிக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார்.

சென்னைக்கு வேலைக்குப் போன மகள் கயல்விழி, தன் பழைய கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றி, ஸ்டியரிங்கும் மாட்டிக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் தனக்கோடி அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "இதுல யாரையும் ஏத்தல. பயமில்ல" என்பார்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு. மலைப்பாதை வளைவில் திரும்பும்போது திரை சட்டென்று கறுத்தது. சத்தமும் நின்றது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை. அப்படியென்றால் மறுபடி நினைவு போனது தனக்குத்தானோ?

"சுலோச்சனா! எவ்ளோ நேரமா நான் இப்பிடியே குந்தியிருக்கேன்?"

அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "இப்பதான ஹாரன் அடிச்ச சத்தம் கேட்டுச்சு. இன்னாங்க, இப்பிடி வேர்த்து ஊத்துது?"

"ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் நின்னுபோச்சு."

சொன்னாரே தவிர அவருக்கே நம்பிக்கையில்லை. அடுத்த ஞாயிறு சுலோச்சனாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். இருபது நிமிஷத்தில் மறுபடி நின்றது.

"நீங்க நல்லாதான் இருந்தீங்க. அதுதான் நின்னுச்சு" என்றாள் அவள்.

பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வெண்மதியிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"பாட்டு கேட்டா நிக்குதாண்ணா?"

"இல்லம்மா. கேம் போட்டா மட்டும்தான்."

வெண்மதி மூடியைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று தூசி. "மாவு மில்லுல வச்சிருந்தீங்களா?"

"கம்பெனி மண்ணும்மா. சட்டையோட வூட்டுக்கு வந்துடுது."

சூட்டில்தான் நிற்கிறது என்று வெண்மதி நினைத்தாள். தூசியை ஊதி எடுத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் புதிதாகத் தடவி, அதே கேமை இரண்டு மணி நேரம் ஓடவிட்டாள். நிற்கவில்லை. தனக்கோடி நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார். இருபதாவது நிமிஷம் திரை கறுத்தது.

உடனே வெண்மதிக்குப் போன் போட்டார். "உன் கடையில நிக்கல. என் முன்னாடி மட்டும் நிக்குதும்மா."

"அண்ணா, கடையில நிக்காதது வூட்ல நிக்குதுன்னா, வூட்டதான் பார்க்கணும். நாளைக்கு வரேன்."

மறுநாள் மாலை வந்து, அவரைக் கேம் ஓட்டச் சொல்லிவிட்டு, ஒயரைத் தொட்டுக்கொண்டே போனாள். கட்டிலுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் பிளக்கை மாட்டியிருந்த ஜங்ஷன் பாக்ஸில் கை வைத்தவள் சூடு பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுவிட்சை அணைத்துத் திறந்து பார்த்தால், உள்ளே ஒயர் தளர்ந்து, பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது.

"கேம் ஓடுறப்ப கம்ப்யூட்டர் நெறைய கரண்ட் இழுக்கும். லூஸ் ஒயர் சூடாகி விட்டுடுது. ஆறினதும் மறுபடி ஒட்டிக்குது. பக்கத்துலயே மெத்தை. இன்னும் கொஞ்ச நாளு விட்டிருந்தா பத்திக்கிட்டிருக்கும்."

சுலோச்சனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து சுவரில் புது பிளக் பாயிண்ட் வைத்தார். அந்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஓட்டியும் நிற்கவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கில் தனக்கோடியின் பிடி தளரவில்லை.

"சுலோச்சனா, போன மாசம் கம்பெனில ஒரு தடவ கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் சொல்லல."

அவள் எட்டிக் கம்ப்யூட்டரை அணைத்தாள். பிறகு, "நாளைக்கு லீவு சொல்லிடுங்க" என்றாள்.

புதுச்சேரியில் டாக்டர் அவர் நெஞ்சில் ஒரு சின்ன மெஷினை ஒட்டி, ஒருநாள் முழுக்க வைத்திருக்கச் சொன்னார். வியாழக்கிழமை முடிவு வந்தது. நாடித்துடிப்பு அவ்வப்போது சில விநாடி விட்டுப்போகிறது. சரி செய்துவிடலாம் என்றார்.

தனக்கோடி முதலில் கேட்டது இதுதான்: "அப்புறம் பஸ்ஸு ஓட்டலாங்களா?"

"மொதல்ல இதைப் பார்ப்போம்" என்றார் டாக்டர். சுலோச்சனா தனக்கோடியின் கையை விடவே இல்லை.