மணி வயரைக் கழற்றிய மாதம்

1. ஸ்டூல்

கல்லூரியில் ஆயாவாகச் சேர்ந்த முதல் நாள், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலைக் காட்டி, "மேல மணி அடிச்சா போகணும், அவ்வளவுதான் வேலை" என்றார் சூப்பரண்டு. அவ்வளவுதான் என்றவர் ஒரு நாளாவது அந்தப் படியில் ஏறியிருப்பாரா? லிஃப்ட் உண்டு. சாவி ஆபீசில் இருக்கும். எங்களுக்குத் தர மாட்டார்கள்.

மேலே துறைத் தலைவர்கள் மேஜையில் பொத்தானை அழுத்தினால் என் தலைக்கு மேலே மணி அலறும். மூன்றாம் மாடியில் வேதியியல் ராஜதுரை சார். தங்கமான மனிதர், ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டார். ஆனால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மூச்சு வாங்க ஏறிப் போய் நிற்பேன்.

"அமலி அக்கா, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க."

ரெகுலேட்டர் அவர் முதுகுக்குப் பின்னால்தான். எழுந்து திரும்பினால் கை எட்டும். கூட்டி வைத்துவிட்டு நான் கீழே வந்து உட்காருவதற்குள் மறுபடி மணி.

"குளிருதுக்கா, குறைச்சிருங்க."

இப்படியே என் முழங்கால் போயிற்று.

என்னோடு வேலை பார்த்தவள் பேச்சியம்மாள், தினக்கூலி. மணி ஓய்ந்த நேரத்தில் இரண்டு பேருமாகக் கழிப்பறைகளைக் கழுவுவோம். அவள் புருஷன் உப்பளத்துக்குப் போகிறவர். மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் பேச்சி வேலைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் சோறு.

2. டாக்டரம்மா

ஓர் ஐப்பசியில் கல்லூரியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். வந்த டாக்டரம்மா சின்னப் பிள்ளை. சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் பார்த்துவிட்டு, சுகர், பிரஷர் என்று வரிசையாகச் சொன்னது. "எல்லாரும் நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க. எந்திரிச்சு நடங்க."

நன்றாக உறைக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு என் முறை வந்தது. எனக்கும் பிரஷராம்.

"ஆயாம்மா, தினமும் நடங்க."

"நான் நடக்காத நடையா? என் காலைப் பாரு தாயி!"

"அது வேலைம்மா. படியேறி இறங்கி மூட்டுதான் தேயும். வேலை முடிஞ்சப்புறம் கைய வீசி, நிம்மதியா நடக்கணும்."

எழுந்திருக்காத ராஜதுரை சாருக்கும் நடை, உட்காரவே நேரமில்லாத எனக்கும் நடை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்தா? என்ன படிப்போ!

மறுநாள் பிரின்சிபால் அம்மா சுற்றறிக்கை ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இனி அழைப்பு மணி கிடையாது. தண்ணீரோ தாளோ, லிஃப்டில் ஏறாமல் அவரவரே படியில் நடந்துபோய் எடுக்க வேண்டும். வயரைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

ராஜதுரை சார் தண்ணீர் பாட்டிலோடு படியிறங்கி வந்தார்.

"என்னக்கா, சிரிக்கீங்க?"

"இல்ல சார், மழை வார மாதிரி இருக்கு."

3. சூப்பரண்டு கணக்கு

மழை வரத்தான் செய்தது. அதோடு சூப்பரண்டும் வந்தார்.

"மணியே இல்ல. ரெண்டு ஆயா எதுக்கு? பேச்சி, இந்த மாசத்தோட நின்னுக்க."

பேச்சி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "யக்கா, வயரைக் கழட்டுனவனுக்கு டீ வேற வாங்கிக் குடுத்தீங்களே."

"ஏளா, எனக்குத் தெரியுமா இப்படி ஆகும்னு?"

வலித்த காலோடு மூன்று மாடி ஏறினேன். "சார், மணி வேணும்னு பிரின்சிபால் அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பேச்சி பிழைப்பு போவுது."

ராஜதுரை சார் முகம் வாடிவிட்டது. "பாவம்தான்க்கா. ஆனா இப்பதான் பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ள போயிருக்கு. மணி வந்தா மறுபடி உக்காந்துருவேன்."

இத்தனை வருஷம் எழுந்திருக்காத மனுஷன், எழுந்திருக்கக் கூடாத மாதம் பார்த்து எழுந்துவிட்டார்!

வேறு வழியில்லை. பிரின்சிபால் அம்மா முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டு பேருக்கு என்ன வேலை இருக்கு அமலி?"

"வாங்கம்மா, காட்டுதேன்."

அம்மா லிஃப்ட் பக்கம் திரும்பினார்கள். நான் படியருகே நின்றேன். "சுற்றறிக்கை போட்டது நீங்கதானம்மா."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்கள். இரண்டாம் மாடியில் அவர்களும் கம்பியைப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். மூன்றாம் மாடியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் கூட்டிப் போனேன்.

"முந்தி மணிக்கு ஓடுனதுல இதை ஒரு வேளைதான் கழுவுவோம். இங்க வரப் பயந்தே பிள்ளைக தண்ணி குடிக்காது. இப்ப நானும் பேச்சியும் மூணு வேளை கழுவுதோம். அவ போயிட்டா ஒத்தையில எந்த மாடியம்மா நான் கழுவ?"

கை கழுவிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "இப்பதான் மேம் உள்ள வர முடியுது" என்றது.

அம்மா வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூச்சு அடங்கிய பிறகு, "பேச்சி இருக்கட்டும்" என்றார்கள்.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

மழை விட்டது. வெயில் ஏறிய ஒரு மத்தியானம் மேலேயிருந்து குரல்:

"அமலி அக்காஆ... ஃபேனைக் கொஞ்சம்..."

வயரைத்தான் கழற்ற முடிந்தது.

ஆயா வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு குரலுக்கு எழுந்துவிடாதீர்கள். இரண்டாம் குரலுக்கு "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். மூன்றாவது குரலுக்கு மெதுவாக ஏறுங்கள். பாதிப் படியில் ஃபேன் வேகம் கூடுகிற சத்தம் கேட்கும். அப்படியே திரும்பி இறங்கிவிடலாம்.